கேன்டர்பரி தொகுதி 2017 வரை எப்போதுமே கன்சர்வேட்டிவ் கோட்டைதானா? கவிழ்த்தது மாணவர்கள்தானா?

உங்கள் மகள் கேன்டர்பரியில் மேற்படிப்பு சேரப் போகிறாள். ஊரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, “185 ஆண்டுகளாகக் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் இருந்த தொகுதியை 2017ல் மாணவர்கள் சேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள்” என்ற வரி கண்ணில் பட்டிருக்கிறது. அது உண்மையா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த 185 ஆண்டுக் கணக்கு சரியா என்பது ஒன்று. 2017 முடிவுக்கு மாணவர்கள்தான் காரணமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில் “இல்லை”. அதை ஆள் பெயரும் ஆண்டும் சொல்லி நிறுவ முடியும். இரண்டாவதற்கு “ஓரளவு”. எந்த அளவு என்பதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் பிரிட்டிஷ் அரசியல் வரலாறு பாடம் எடுத்தவன் நான். பிறகு கேன்டர்பரி இருக்கும் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பக்கம் குடிவந்து, இரண்டு தேர்தல்களில் வாக்குச்சாவடி எழுத்தராகவும் உட்கார்ந்து வாக்குச்சீட்டு கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன். பதில் நீளும்; தேநீரோடு உட்காருங்கள்.

கேன்டர்பரி என்ற பெயரில் 1295லிருந்து நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1885 வரை இரண்டு பேர், அதன்பின் ஒருவர். பெயர் மாறவே இல்லை என்பதால் தொகுதியும் மாறவில்லை என்று நினைத்துவிடுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் யாருக்கு ஓட்டு இருந்தது, எல்லை எதுவரை போயிற்று என்பவை திரும்பத் திரும்ப மாறியிருக்கின்றன. தாத்தாவின் கத்தி என்று சொல்லிக்கொண்டு, பிடியை ஒரு தலைமுறையும் அலகை ஒரு தலைமுறையும் மாற்றிய கதைதான்.

1832க்கு முன்னால் அங்கே வாக்குரிமை நகரத்தின் ‘ஃப்ரீமன்’ எனப்பட்டவர்களுக்கு. நகர உரிமை பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஃப்ரீமன் என்றால் மகனுக்கு உரிமை உண்டு. ஃப்ரீமனிடம் தொழில் பழகி முடித்தவனுக்கும் உண்டு. கேன்டர்பரியில் இன்னொரு வழியும் இருந்தது: ஃப்ரீமன் ஒருவரின் மகளைக் கட்டிக்கொண்டால் மாப்பிள்ளைக்கும் உரிமை வந்துவிடும். பெண்ணுக்கு ஓட்டு கிடையாது, அவளைக் கட்டியவனுக்கு உண்டு. சீதனத்தோடு சேர்ந்து வந்த ஓட்டு. உரிமை பெற்றவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால், லண்டனில் பிழைத்துக்கொண்டிருந்த ஃப்ரீமன்களைத் தேர்தல் நாளில் வண்டி வைத்து அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, திருப்பி அனுப்பும் செலவு வேட்பாளர் தலையில் விழுந்தது. அந்த உபசாரம் அளவு மீறிப் போனதும் உண்டு. 1796ல் வென்ற ஜான் பேக்கர், சாமுவேல் எலியாஸ் சாபிரிட்ஜ் இருவரின் தேர்தலும் செல்லாது என்று 1797 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. சில நாளில் நடந்த மறுதேர்தலில் அதே இருவர் மறுபடி வென்றார்கள். தேர்தலை எதிர்த்து மறுபடி மனு. இம்முறை அவர்களை இறக்கிவிட்டு, தோற்ற இருவரை உட்கார வைத்தார்கள்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய ஒரு பெயர் வருகிறது: ஸ்டீபன் ரம்போல்டு லூஷிங்டன். 1812லிருந்து 1830 வரையும், மீண்டும் 1835லிருந்து 1837 வரையும் கேன்டர்பரியின் உறுப்பினர். டோரி. கன்சர்வேட்டிவ்களின் முன்னோருக்கு அந்தப் பெயர். பல ஆண்டுகள் கருவூலத்துறைச் செயலர். இது லண்டன் பக்கத்துக் கதை. அதற்கு முன்னால் அவர் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராகத் தென்பாளையங்களில் கப்பம் வசூலித்தவர். கட்டபொம்மன் கதையில் ஜாக்சன் துரை நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் இந்த லூஷிங்டன். 1799 செப்டம்பரில் பானர்மனின் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனதும், அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அவர் கலெக்டராக இருந்த காலத்தில்தான். திப்புவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்த்திய ஜெனரல் ஹாரிஸ் அவருக்கு மாமனார். அந்த ஹாரிஸுக்குக் கென்ட்டில் பெல்மான்ட் என்று பெரிய மாளிகை. 1827ல் லூஷிங்டன் சென்னை ராஜதானியின் கவர்னராகக் கப்பலேறினார். 1832 வரை பதவியில் இருந்தார். உதகமண்டலத்தை வளர்த்தவர்கள் என்று சொல்லும்போது அவர் பெயரும் வரும். இதில் நான் வகுப்பில் எப்போதும் நிறுத்திச் சொல்லும் இடம் ஒன்று உண்டு: 1830ல் நாடாளுமன்றம் கலையும்வரை கேன்டர்பரியின் உறுப்பினராகவும் அவர் பெயரே இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னர், கேன்டர்பரிக்கு உறுப்பினர், இரண்டும் ஒரே ஆள். நடுவில் பல மாதக் கடல் பயணம். கேன்டர்பரி வாக்காளருக்குத் தொகுதிக் குறை சொல்ல வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

1832 சீர்திருத்தச் சட்டம் வாக்குரிமையை ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டுக்காரர்களுக்கு விரித்தது. பழைய ஃப்ரீமன்களில் ஊரிலோ ஏழு மைலுக்குள்ளோ வசித்தவர்களை விட்டுவைத்தது. 1831 மார்ச் 1க்குப் பிறகு கல்யாண வழியில் ஃப்ரீமன் ஆனவர்களுக்கு ஓட்டு இல்லை என்றும் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை ஓட்டுக்கு அதோடு முடிவு. அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்ற இருவரும், ரிச்சர்ட் வாட்சன், ஃபோர்டிச் பிரபு, விக் கட்சிக்காரர்கள். விக் என்றால் பின்னாளைய லிபரல்களின் முன்னோர். ஆக, 2017லிருந்து 185 ஆண்டு பின்னால் போய் நின்றால் நீங்கள் நிற்பது இரண்டு விக்குகளின் வெற்றி மேடையில். அந்த வரி அங்கேயே விழுந்துவிடுகிறது.

அதே 1832 தேர்தலில் மூன்றாவதாக வந்தவரைச் சொல்லாமல் போனால் கேன்டர்பரிக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சர் வில்லியம் கோர்ட்னி, மால்டா வீரர் என்று தன்னை அறிவித்துக்கொண்டு, பட்டும் வெல்வெட்டும் அணிந்து, ஏழைகளுக்காகப் பேசிக்கொண்டு ஒருவர் ஊருக்குள் வந்து நின்றார். உண்மையில் அவர் கார்ன்வாலைச் சேர்ந்த மால்ட் வியாபாரி, ஜான் நிக்கோல்ஸ் டாம். வேற்றூர்க்காரர், கட்சி இல்லை, பெயரே பொய். இருந்தும் 375 ஓட்டு. அடுத்த ஆண்டு ஒரு கள்ளக்கடத்தல் வழக்கில் பொய்ச்சாட்சி சொல்லித் தண்டனை பெற்றார். பிறகு மனநலக் காப்பகம். 1837ல் வெளியே வந்தவர், தன்னையே மீட்பர் என்று நம்பவைத்து, விவசாயக் கூலிகளைத் திரட்டினார். 1838 மே 31 அன்று ஊருக்கு மேற்கே பாசென்டன் காட்டில், கேன்டர்பரி முகாமிலிருந்து போன சிப்பாய்களோடு மோதலாகி, அவரும் அவரோடு நின்றவர்களில் எட்டுப் பேரும் செத்தார்கள். பட்டாளத்தின் பக்கம் லெப்டினன்ட் பென்னட் பலி. இதை ‘இங்கிலாந்து மண்ணின் கடைசிப் போர்’ என்று சுற்றுலாப் பலகை எழுதுகிறவர்கள் உண்டு. போருக்கு என்ன இலக்கணம் வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் அது, நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. தேர்தல் வரலாற்றுக்கு அந்த 375 போதும். ஓட்டு யாருக்குப் போட்டோம் என்பதை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லிப் பதிவு செய்த காலம் அது. வீட்டுக்காரரும் முதலாளியும் பார்த்துக்கொண்டிருக்க, 375 பேர் துணிந்து அவர் பெயரைச் சொன்னார்கள்.

அடுத்த நாற்பது ஆண்டில் இரண்டு இருக்கைகளையும் கட்சிகள் பங்குபோட்டுக்கொண்டதுதான் அதிகம். லார்டு ஆல்பர்ட் கானிங்ஹாம், ஃபிரெடரிக் ராமிலி, வில்லியம் சோமர்வில் என்று விக்குகளும் லிபரல்களும் வரிசையாக இருந்திருக்கிறார்கள். டோரி பக்கத்தில் நினைவில் நிற்பவர் ஜார்ஜ் ஸ்மைத். பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலியோடு சேர்ந்து ‘இளைய இங்கிலாந்து’ என்ற குழுவாக இயங்கியவர், 1841லிருந்து 1852 வரை உறுப்பினர். 1852 மே மாதம், தேர்தல் நெருங்கிய நேரத்தில், சக உறுப்பினரான ராமிலியோடு வாய்ச்சண்டை முற்றி, இருவரும் வெய்பிரிட்ஜுக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஒரே தொகுதியின் இரண்டு உறுப்பினர்கள்! இருவருக்கும் காயமில்லை. இங்கிலாந்தில் ஆங்கிலேயர்களுக்குள் நடந்த கடைசித் துவந்தம் என்று இதைப் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

சண்டையைவிட முக்கியமானது அந்த ஆண்டுத் தேர்தலின் பின்விளைவு. 1852 தேர்தல் முடிவு லஞ்சத்துக்காக ரத்தானது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. 1854 வரை கேன்டர்பரிக்கு உறுப்பினரே இல்லை. பாடம் கற்றார்களா? 1880 தேர்தலும் மனுவில் ரத்து. மறுபடி அரச விசாரணைக் குழு. இம்முறை 1885 வரை இருக்கை காலி. அந்த 1880 தேர்தலுக்குப் பிறகு எட்டு ஊர்களுக்கு விசாரணைக் குழு போயிற்று: கேன்டர்பரி, ஆக்ஸ்ஃபோர்டு, செஸ்டர், குளோஸ்டர், பாஸ்டன், நேர்ஸ்பரோ, மேக்கில்ஸ்ஃபீல்டு, சாண்ட்விச். கதீட்ரலும் கல்லூரியும் இருக்கும் ஊர்ப் பெயர்கள் எத்தனை என்று பாருங்கள். கடைசி இரண்டும் தொகுதி என்ற தகுதியையே இழந்தன. கேன்டர்பரி ஒரு இருக்கையோடு தப்பியது. இந்த அசிங்கங்களின் நேரடி விளைவாகத்தான் 1883ல் ஊழல் தடுப்புத் தேர்தல் சட்டம் வந்தது. வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு விதித்ததும், தேர்தல் முகவர் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் அந்தச் சட்டம். 1872லேயே ரகசிய வாக்கெடுப்பு வந்துவிட்டதே, அப்புறம் எப்படி லஞ்சம் என்று மாணவர்கள் கேட்பார்கள். சீட்டு ரகசியமானால் வாங்கியவன் ஏமாற்றலாம் என்பது உண்மைதான். கொடுப்பவன் அதனால் நிறுத்திவிடுவதில்லை. இது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது கட்சிக் கணக்கு. 1868ல் வென்ற இருவரில் தியோடர் பிரிங்க்மன் லிபரல். 1874ல் அந்த இருக்கையும் கன்சர்வேட்டிவ்களிடம் போனது. அதன்பின் 2017 வரை லிபரலோ லேபரோ அங்கே வெல்லவில்லை. ஆகவே நியாயமான நீண்ட கணக்கு 1874லிருந்து தொடங்கும். அதிலும் இரண்டு விக்கல். ஒன்று, 1880க்கும் 1885க்கும் இடையே இருக்கை காலி. இரண்டு, 1910 டிசம்பரில் வென்ற ஃபிரான்சிஸ் பென்னட்-கோல்ட்னி கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் இல்லை. தனித்து நின்று ஜெயித்த பழைமைவாதி. நகர மேயராக இருந்தவர். 1907ல் டப்ளின் கோட்டையிலிருந்து அயர்லாந்தின் அரச நகைகள் காணாமல் போன விவகாரத்தில் சந்தேகப் பட்டியலில் அடிபட்ட பெயர், ஏனென்றால் அப்போது அவர் அந்த அலுவலகத்திலேயே ஒரு கௌரவப் பதவியில் இருந்தார். வழக்கு துலங்கவே இல்லை, நகையும் கிடைக்கவில்லை. ஆகவே அவரைத் திருடன் என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். 1918ல் பிரான்சில் கார் விபத்தில் இறந்தார். அவருக்குப் பின் 1918லிருந்துதான் அதிகாரபூர்வக் கன்சர்வேட்டிவ்கள் இடைவெளியே இல்லாமல் இருந்தார்கள். அந்தக் கணக்கில் 99 ஆண்டு. நூறு என்று சொன்னால் நான் தலையாட்டிவிடுவேன், 185 என்றால் மாட்டேன்.

அந்த நீண்ட வரிசையில் ஒருவரை மட்டும் நின்று கவனிக்கலாம். ஜான் ஹென்னிக்கர் ஹீட்டன், 1885 முதல் 1910 வரை. ஆஸ்திரேலியாவில் பத்திரிகை நடத்திச் சம்பாதித்துத் திரும்பியவர். வாழ்நாள் முழுக்கத் தபால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அதிகாரிகளைத் துளைத்தெடுத்தார். 1898 கிறிஸ்துமஸ் அன்று ஒரு பென்னிக்குப் பேரரசின் பல பகுதிகளுக்குக் கடிதம் போடும் திட்டம் வந்ததில் அவர் பங்கு பெரிது. 1906ல் லிபரல் அலை நாட்டையே அடித்துக்கொண்டு போனபோதும் அவர் நின்றார். மற்றவர்களை வேகமாகக் கடந்துவிடலாம்: ரொனால்டு மெக்நீல், வில்லியம் வேலண்ட், பேக்கர் ஒயிட், லெஸ்லி தாமஸ், டேவிட் க்ரவுச், 1987லிருந்து ஜூலியன் பிரேசியர். மெக்நீல் 1912ல் சபையில் சர்ச்சில் மீது புத்தகத்தை எறிந்து அடித்தவர். அப்போது அவர் பக்கத்துத் தொகுதியான செயின்ட் அகஸ்டின்ஸுக்கு உறுப்பினர். 1918ல் அந்தத் தொகுதி கலைக்கப்பட்டபோது கேன்டர்பரி சுற்றுவட்டக் கிராமங்களையும் கடற்கரை ஊர்களையும் சேர்த்துக்கொண்டு பெருத்தது. இந்த மாற்றம்தான் முக்கியம். நகரமாக இருந்த தொகுதி, வயலும் பீருக்கான ஹாப்ஸ் கொடித் தோட்டமும் ஓய்வுபெற்றோர் குடியிருக்கும் கடற்கரையும் சூழ்ந்த தொகுதி ஆனது. நகருக்குள் எதிர்க்கட்சி ஓட்டு எவ்வளவு இருந்தாலும் சுற்றுவட்டம் அதை அமுக்கிவிடும். 1983ல் கடற்கரை ஊரான ஹெர்ன் பே பக்கத்துத் தொகுதியான வடக்குத் தானெட்டுக்குப் போயிற்று. இன்னொரு கடற்கரை ஊரான விட்ஸ்டபிள் கேன்டர்பரியோடு தங்கியது. கோட்டைச் சுவரில் ஒரு கல்லை அப்போதே உருவிவிட்டார்கள் என்பது என் கருத்து. இது கருத்துதான், நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 2017க்கு முந்திய எண்களைப் பார்த்தாலே ‘கோட்டை’ என்ற சொல் கூசும். 1997ல் பிரேசியர் வாங்கியது 20,913, லேபர் 16,949, லிபரல் டெமாக்ரட் 12,854. வித்தியாசம் 3,964. 2001ல் எமிலி தார்ன்பெரி லேபர் வேட்பாளர். பின்னாளில் லண்டனிலிருந்து சபைக்குப் போய்ப் பெரிய பெயர் வாங்கியவர்தான். வித்தியாசம் வெறும் 2,069. 2010ல் இரண்டாம் இடத்துக்கு லிபரல் டெமாக்ரட் வந்தது. வித்தியாசம் 6,048, லேபரோ 7,940 ஓட்டோடு மூன்றாமிடம். 1997லிருந்து 2010 வரை நடந்த நான்கு தேர்தலிலும் லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் சேர்ந்து வாங்கியது பிரேசியரைவிட அதிகம். ஒருவர் ஓட்டை அப்படியே இன்னொருவர் பையில் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஜெயித்ததற்கு எதிரணி உடைந்து கிடந்தது பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. 2015ல்தான் அந்தக் கூட்டல் மாறியது. அந்தத் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் நாடு முழுக்கச் சரிந்தது.

2015க்கும் 2017க்கும் நடுவே என்ன ஆனது என்பதை எண்களே சொல்லட்டும். லேபர் 13,120லிருந்து 25,572க்கு ஏறியது. அதன் வேட்பாளர் ரோசி டஃபீல்டு, பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளராக வேலை பார்த்தவர். பிரேசியர் 22,918லிருந்து 25,385. ஆம், தோற்ற ஆண்டில் அவர் ஓட்டு கூடியது! வித்தியாசம் 187. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரிய கட்சியான யுகேஐபி, 2015ல் 7,289 ஓட்டு வாங்கியது, 2017ல் நிற்கவே இல்லை. பசுமைக் கட்சி சுமார் 2,500, லிபரல் டெமாக்ரட் சுமார் 1,700 இழந்தன. தொகுதி முழுவதும் பதிவான மொத்த ஓட்டு கூடியது சுமார் 3,400 மட்டுமே. இதைத்தான் கவனிக்க வேண்டும். லேபருக்குக் கூடிய 12,452ஐ இந்த 3,400 புது ஓட்டால் மட்டும் விளக்க முடியாது. சிறு கட்சிகளிடமிருந்து லேபருக்கு வந்தது கணிசமாக இருந்தே ஆக வேண்டும். “மாணவர் அலை வந்தது, கோட்டை விழுந்தது” என்ற ஒற்றைவரி விளக்கம் இந்தக் கூட்டலில் நிற்காது.

ஆனால் இந்தக் கூட்டலை வைத்துக்கொண்டு மாணவர்களை அடியோடு ஒதுக்குவதும் தப்பு. கேன்டர்பரி போன்ற ஊரில் இரண்டே ஆண்டில் வாக்காளர்களே மாறிவிடுகிறார்கள். 2015ல் ஓட்டுப் போட்ட மூன்றாமாண்டு மாணவி 2017ல் லீட்ஸில் வேலையில் இருப்பாள். அவள் அறையில் வேறொருத்தி. மொத்தம் ஒன்றேபோலத் தெரிந்தாலும் உள்ளே ஆள் வேறு. தவிர, ரகசிய வாக்கெடுப்பில் எந்தப் பெட்டியில் யார் சீட்டு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இங்கே எண்ணிக்கையும் தொகுதிவாரியாக மட்டுமே அறிவிக்கப்படுகிறது, சாவடிவாரியாக அல்ல. சாவடியில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீண்ட வரிசையும் இளம் முகங்களும் நம் நினைவில் தங்கும், காலையிலேயே சத்தமில்லாமல் வந்து போட்டுவிட்டுப் போன எழுபது வயதுக்காரர்கள் தங்க மாட்டார்கள். கண் பார்த்ததைக் கணக்கு என்று நம்பக்கூடாது என்பதை அங்கேதான் கற்றேன். நாடு தழுவிய அளவிலும் இதே சர்ச்சை உண்டு. 2017ல் இளைஞர் வாக்குப்பதிவு பாய்ந்து ஏறியது என்று தேர்தல் மறுநாளே எல்லோரும் எழுதினார்கள். பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வுக் குழு 2018 தொடக்கத்தில் அப்படி ஒரு பாய்ச்சலுக்குத் தன் தரவில் சான்று இல்லை என்று சொன்னது. இளைஞர்கள் அதிகமாக வந்தார்கள் என்பது சந்தேகத்துக்குரியது. வந்த இளைஞர்கள் லேபர் பக்கம் சாய்ந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. வித்தியாசம் 187 மட்டுமே என்னும்போது, மாணவர் ஓட்டு இல்லாமல் டஃபீல்டு வென்றிருக்க மாட்டார் என்று நானும் சொல்வேன். அதே வாயால், பசுமைக் கட்சி ஆதரவாளர்கள் இல்லாமலும் வென்றிருக்க மாட்டார் என்றும் சொல்வேன். 187க்கு உரிமை கொண்டாட ஊரில் எல்லோருக்கும் இடமிருக்கிறது.

வேறு காரணங்களும் கலந்திருக்கின்றன. 1965ல் மலைமேல் தொடங்கிய கென்ட் பல்கலைக்கழகமும், 2005ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற கிறைஸ்ட் சர்ச்சும் மாணவர்களை மட்டும் கொண்டுவரவில்லை; ஆசிரியர், ஆய்வாளர், நூலகர் என்று நிரந்தரமாகத் தங்கும் ஒரு படித்த கூட்டத்தையும் கொண்டுவந்தன. 2009 டிசம்பரிலிருந்து லண்டன் செயின்ட் பான்கிராஸுக்கு அதிவேக ரயில் சுமார் ஒரு மணி நேரத்தில் போகிறது. லண்டன் வீட்டை விற்றுவிட்டு விட்ஸ்டபிள் கடற்கரைக்கு வந்தவர்கள் லண்டன் ஓட்டையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரச்சினை அந்தப் பிரசாரத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. பிரெக்ஸிட் கோணம் கொஞ்சம் வழுக்கும் இடம். 2016 பொதுவாக்கெடுப்பில் கேன்டர்பரி மாவட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறவே 51 சதவீதம் வாக்களித்தது. ஆனால் அந்த மாவட்டத்தில் ஹெர்ன் பே உண்டு, தொகுதியில் இல்லை. தொகுதிக்கு மட்டும் தனியாக எண்ணிக்கை நடக்கவில்லை. ஆய்வாளர்களின் மதிப்பீடு தொகுதி ‘இருப்போம்’ பக்கம் என்கிறது. பிரேசியரோ வெளியேறும் பக்கம் நின்றவர். மதிப்பீடு வலுவானதுதான், என்றாலும் எண்ணிப் பார்த்த முடிவுக்குச் சமமாகாது.

2019ல் லேபர் நாடு முழுக்க அடி வாங்கிய தேர்தலில் டஃபீல்டு வித்தியாசத்தை 1,836 ஆக உயர்த்தினார். ஓட்டு பிரியக்கூடாது என்று லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் டிம் வாக்கர் தானே விலகினார். கட்சி வேறொருவரை நிறுத்தியது, அவருக்கு 3,408தான் விழுந்தது. ஒரு தடவை வந்த அலை என்றால் இரண்டாவது தடவை, அதுவும் டிசம்பர் குளிரில், நின்றிருக்காது. 2024ல் வித்தியாசம் 8,653. அதைப் பார்த்து லேபர் கோட்டை ஆகிவிட்டது என்று எழுதியவர்களுக்கு ஒரு கணக்கு: டஃபீல்டின் ஓட்டு 29,018லிருந்து 19,531க்கு இறங்கியது. எதிரே கன்சர்வேட்டிவ் 10,878க்குச் சரிந்ததால்தான் வித்தியாசம் ஊதியது. எல்லையும் இடையில் சற்று மாறியது, ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிட வேண்டாம். போக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஆட்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகுமுன்பே, 2024 செப்டம்பர் 28 அன்று, கட்சித் தலைமையைக் கடுமையாகச் சாடிக் கடிதம் எழுதிவிட்டு டஃபீல்டு லேபரை விட்டு விலகி, தனி உறுப்பினரானார். பென்னட்-கோல்ட்னி தனியாக நின்று சபைக்குள் போனார், இவர் சபைக்குள் போனபின் தனியானார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் மகள் இந்தியக் குடியுரிமை உள்ளவள் என்றால், மாணவர் விசாவில் அங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமகளாக, பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் அவளுக்கு ஓட்டு உண்டு. இலங்கைக் குடியுரிமைக்கும் இதே விதி. பல மாணவர்களுக்கு இது தெரிவதே இல்லை, சாவடிக்கு வந்து கூட்டத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, “எங்களுக்கு எப்படி ஓட்டு இருக்கும்?” என்று கேட்ட பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அதற்குள் பதிவுக்கான கடைசி நாள் தாண்டியிருக்கும். அறை கிடைத்து முகவரி உறுதியானதும் இணையத்தில் வாக்காளர் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. இப்போது சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் செல்லும். அடுத்த ஆண்டு அறை மாறினால் மறுபடி பதிய வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.